கத்தி புடிச்சவங்க பாஷையில புக்கு எழுதின டாக்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பெரம்பூர்ல இருபத்தெட்டு வருஷமா சலூன் வெச்சிருக்கேன். உங்க பேப்பர் தினமும் கடைக்கு வருது, முதல் கஸ்டமர் சேர்ல உக்காரும்போதே பேப்பர் நாலா பிரிஞ்சு நாலு பேர் கைக்கு போயிடும், எனக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் தான் கிடைக்கும். அப்பவும் ஆசிரியருக்கு கடிதம் பக்கத்தை விடாம படிப்பேன். எழுதுறது இதான் முதல் தடவை. நீளமா இருக்கும், இடம் பத்தலைன்னா வெட்டிக்கோங்க, ஆனா ஹைஸ்டர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் விஷயத்தை மட்டும் வெட்டிடாதீங்க, அதுக்காகத் தான் எழுதவே உக்காந்தேன்.

தீபாவளி முடிஞ்சு பத்து நாள் இருக்கும், எங்கம்மாவுக்கு வலது பக்க விலாவுக்கு கீழ வலி வந்துச்சு. வாயுன்னு நினைச்சு பெருங்காயத்தண்ணி, ஓம வாட்டர் எல்லாம் குடுத்துப் பாத்தோம். நாலாவது நாள் வாந்தியும் ஜுரமும் வந்து ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்தாங்க, பித்தப்பையில கல்லு, லேப்ராஸ்கோப்பில எடுத்துடலாம், வயித்துல நாலு சின்ன ஓட்டை தான், ரெண்டு நாள்ல வீட்டுக்கு போயிடலாம்னு சொன்னாங்க. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு ஃபார்ம் வந்துச்சு, நாலு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். இங்க, இங்க, அப்புறம் கடைசி பக்கத்துல இங்கன்னு விரல் வெச்சு காட்டினாங்க, அம்மா மூணு இடத்துல தமிழ்ல கையெழுத்து போட்டாங்க, சாட்சின்னு கீழ நான் போட்டேன். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன். அந்த நாலு பக்கத்துல எனக்கு புரிஞ்சது அம்மா பேரும் தேதியும் மட்டும் தான்.

ஒரு மணி நேரம்னு சொன்ன ஆபரேஷன் மூணு மணி நேரம் போச்சு. வெளிய வந்த பெரிய டாக்டர், ஓப்பன் பண்ண வேண்டியதாயிடுச்சு, நல்லா இருக்காங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு அடுத்த கேஸுக்கு போயிட்டாரு. உள்ள போய் பாத்தா விலாவுக்கு கீழ ஒரு ஜாண் நீளத்துக்கு கட்டு, பக்கத்துல ஒரு டியூப் தொங்குது. என் தம்பி கத்த ஆரம்பிச்சுட்டான், நாலு ஓட்டைன்னு சொல்லிட்டு இப்படி கிழிச்சு வெச்சிருக்கீங்களேன்னு. நானும் சேந்துக்கிட்டேன். எங்கம்மாவை ஏதோ பண்ணிட்டாங்கன்னு தான் அந்த நிமிஷம் எங்களுக்கு தோணுச்சு.

அப்போ டியூட்டில இருந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்தாங்க. எங்களை திட்டல. கையில இருந்த லேப் ரிப்போர்ட் கவரை திருப்பி, பெஞ்சு மேல வெச்சு பால்பாயிண்ட் பேனாவால வரைஞ்சாங்க. இது ஈரல், இதுக்கு கீழ பேரிக்காய் மாதிரி தொங்குறது பித்தப்பை, இதோட கழுத்துலேர்ந்து ஒரு மெல்லிசான குழாய் வருது, உள்ள பாத்தா சங்கை உடைச்சா தெரியுமே அந்த மாதிரி சுத்து சுத்தா மடிப்பு இருக்கும், இதுக்கு ஹைஸ்டர் வால்வுன்னு பேரு. உங்கம்மாவுக்கு கல்லு சரியா இந்த கழுத்துல சிக்கிட்டு சுத்தியிருக்கிற எல்லாம் வீங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு, கேமராவுல பாத்தா எது எந்த குழாய்னு பிரிச்சு தெரியல, தெரியாம வெட்டினா ஈரல்லேர்ந்து குடலுக்கு போற பெரிய பித்தக்குழாய் போயிடும், அதுக்கப்புறம் அவங்க உயிருக்கே ஆபத்து, அதனால தான் திறந்து கண்ணால பாத்து செஞ்சாங்க. இவ்வளவு தான் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. தம்பி அந்த கவரை கையில வாங்கி திருப்பி திருப்பி பாத்தான், அப்புறம் அவனே போய் பெரிய டாக்டர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்தப்புறம் எங்கக்கா பொண்ணு, நர்ஸிங் ரெண்டாவது வருஷம் படிக்குது, அந்த ஃபார்ம் ஜெராக்ஸை எடுத்து வரி வரியா தமிழ்ல சொல்லுச்சு. மாமா, மூணாவது பக்கத்துலயே இருக்கு பாருங்க, தேவைப்பட்டா வயித்தை திறந்து செய்வோம்னு எழுதியிருக்காங்கன்னு. எழுதியிருக்காங்க தான். நாங்க சண்டை போட்ட அத்தனை கேள்விக்கும் பதில் அந்த பேப்பர்லயே இருந்திருக்கு, சாட்சி கையெழுத்து போட்டவன் நான், எனக்கு தெரியல.

அந்த டாக்டரம்மா போற போக்குல, முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஒரு ஜெர்மன் டாக்டரோட பேரு தான் அந்த ஹைஸ்டர்னு சொன்னாங்க. அது என் மனசுல ஒட்டிக்கிச்சு. செவ்வாய்க்கிழமை கடை லீவு, கன்னிமாரா லைப்ரரிக்கு அக்கா பொண்ணையும் கூட்டிக்கிட்டு போவேன், அது படிச்சு சொல்லும், நான் நோட்டுல எழுதிப்பேன். மூணு மாசம் இப்படி போச்சு. அந்த நோட்டுலேர்ந்து தான் இதை எழுதுறேன்.

லோரன்ஸ் ஹைஸ்டர், 1683ல ஃபிராங்க்ஃபர்ட்ல பொறந்தவர். கீஸன்ங்கிற ஊர்ல படிச்சிட்டு ஆம்ஸ்டர்டாமுக்கு போறாரு, ஏன்னா அங்க ருய்ஷ்னு ஒரு பெரிய உடற்கூறு வாத்தியார் இருந்தாரு, செத்த உடம்போட ரத்தக்குழாய்க்குள்ள மெழுகு ஏத்தி உயிரோட இருக்கிற மாதிரியே வெச்சுக் காட்டுவாராம். அவர்கிட்ட உடம்பை அறுத்துப் பாக்க கத்துக்கிட்டாரு. லெய்டன்லயும் போய் பாடம் கேட்டாரு. 1708ல டாக்டர் பட்டம். அப்புறம் நேரா போர்க்களம். அப்போ டச்சுக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் ஒரு பக்கம், பிரெஞ்சுக்காரங்க ஒரு பக்கம் பெரிய சண்டை, 1709ல மல்ப்ளாகேன்னு ஒரு இடத்துல ஒரே நாள்ல முப்பதாயிரம் பேருக்கு மேல செத்தும் காயம்பட்டும் விழுந்தாங்க. இவர் டச்சுப் படையோட இருந்து வைத்தியம் பாத்தவர். வயசு இருபத்தஞ்சு. மயக்க மருந்துங்கிறதே கிடையாது, அதெல்லாம் 1846க்கு அப்புறம் தான், அதுவரைக்கும் நாலு பேர் கையைக் காலை அமுக்கி புடிச்சுக்கணும், டாக்டர் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாரோ அவ்வளவு நல்லது. அந்த காலத்து டாக்டருக்கு உடம்புக்குள்ள எது எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டும் தெரிஞ்சிருக்கணும், தேடிக்கிட்டு நிக்க நேரமே கிடையாது. அவர் உடற்கூறும் அறுவையும் ரெண்டையும் ஒண்ணா புடிச்சுக்கிட்டதுக்கு காரணம் அதுவா தான் இருக்கணும்னு எனக்கு படுது.

1710ல நியூரம்பர்க் பக்கத்துல ஆல்ட்டார்ஃப்ங்கிற சின்ன ஊரு யுனிவர்சிட்டில ரெண்டுக்கும் பேராசிரியர் ஆனாரு. பத்து வருஷம் கழிச்சு ஹெல்ம்ஸ்டெட்டுக்கு போயி 1758ல சாகுற வரைக்கும் அங்கயே இருந்துட்டாரு. செடி கொடி பாடமும் நடத்தினாரு, அதுல லின்னேயஸ்ங்கிற பேர் போன தாவர ஆராய்ச்சியாளரோட சண்டையெல்லாம் போட்டிருக்காரு, அது வேற கதை.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். அந்த காலத்துல அங்க அறுவை வேலை யார் செஞ்சாங்கன்னு நினைக்கிறீங்க? யுனிவர்சிட்டில படிச்ச டாக்டருங்க பெரும்பாலும் கத்தியை தொடவே மாட்டாங்க. நாடி பாப்பாங்க, மருந்து எழுதுவாங்க, லத்தீன்ல பேசுவாங்க. கட்டி கீறுறது, ரத்தம் எடுக்குறது, எலும்பு கட்டுறது, காலை எடுக்குறது எல்லாம் செஞ்சது முடி வெட்டுற, சவரம் பண்ற ஆளுங்க. எங்க ஆளுங்க.

இதைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் எனக்கு பேச்சு வரல. எங்க தாத்தா செங்கல்பட்டு பக்கம் ஒரு கிராமத்துல இதே வேலை தான் செஞ்சாரு. அவரோட அடப்பம், அதான் அந்த தோல் பை, இன்னும் எங்கிட்ட இருக்கு. உள்ள சவரக்கத்தி ரெண்டு, தீட்டுற கல்லு, பித்தளைக் கிண்ணம், அதோட ஓரத்துல தனியா துணி சுத்தி ஒரு சின்ன வளைஞ்ச கத்தி. அது தலைக்கு இல்ல, கட்டிக்கு. தொடையில, முதுகுல சீழ் கட்டினவங்க ஊரெல்லாம் அவர்கிட்ட தான் வருவாங்க, கத்தியை நெருப்புல காட்டிட்டு ஒரே கீறு, அப்புறம் வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு வெச்சு கட்டுவாரு. எங்க ஆயா பிரசவம் பாத்தவங்க, மருத்துவச்சின்னு தான் ஊர்ல கூப்பிடுவாங்க. எங்க ஜனத்துக்கு மருத்துவர்னே பேரு இருக்குறது உங்களுக்கு தெரியும். ஆனா கூலி வாங்கும்போது வாசலுக்கு வெளிய தான் நிக்கணும், அதையும் எங்கப்பா சொல்லி கேட்டிருக்கேன். தாத்தாவுக்கு தெரிஞ்சது அவங்கப்பா கைய பாத்து கத்துக்கிட்டது மட்டும் தான். அந்தக் கத்தி போற இடத்துல தோலுக்கு கீழ என்ன நரம்பு ஓடுது, எந்த ரத்தக்குழாய் இருக்குன்னு அவருக்கு யாரும் படம் போட்டு காட்டினது கிடையாது.

ஜெர்மனில அதே நெலமையில இருந்தவங்களுக்குத் தான் ஹைஸ்டர் எழுதினாரு. 1718ல நியூரம்பர்க்ல வந்துச்சு அந்த புக்கு, கிருர்கின்னு பேரு, அறுவை வைத்தியம்னு அர்த்தம். லத்தீன்ல எழுதியிருந்தா அவரை மாதிரி பேராசிரியருங்க பாராட்டியிருப்பாங்க. அவர் ஜெர்மன்ல எழுதினாரு, ஏன்னா கத்தியை கையில புடிச்சிருந்தவங்களுக்கு லத்தீன் தெரியாது. காயம், எலும்பு முறிவு, கட்டி, ஒவ்வொரு உறுப்புக்கும் என்னென்ன ஆபரேஷன், கடைசில கட்டு போடுறது எப்படின்னு முழுசா எழுதி, செப்புத் தகட்டுல செதுக்கின படங்களை பக்கம் பக்கமா வெச்சிருக்காரு. அதுல சிலதை ஒரு புக்குல பாத்தோம். ஒவ்வொரு கத்தி, ஊசி, ரம்பம், இடுக்கி எல்லாத்தையும் வரிசையா வரைஞ்சு பக்கத்துல நம்பர் போட்டிருக்கு. கட்டு சுத்துற துணி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு தலை, தோள், கால்னு தனித்தனியா வரைஞ்சிருக்கு. படிக்கத் தெரியாதவன் கூட அதை வெச்சுக்கிட்டு கட்டு போட்டுடலாம். நான் முடி வெட்ட கத்துக்கிட்ட புதுசுல யாராச்சும் இப்படி ஒரு படம் குடுத்திருந்தா எத்தனை நாள் மிச்சமாயிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

லத்தீன்ல அது வந்தது இருபத்தோரு வருஷம் கழிச்சு, 1739ல. 1743ல இங்கிலீஷ்ல வந்துச்சு. டச்சு பாஷைக்குப் போய், அங்கேர்ந்து ஜப்பானுக்கே போயிடுச்சு, சுகிதா கென்பாகுங்கிறவர் ஆரம்பிச்ச மொழிபெயர்ப்பை அவரோட சீடர் ஓட்சுகி கென்டாகு முடிச்சாரு. நாட்டுக்கு நாடு அவங்கவங்க பாஷைக்கு கொண்டு போயிருக்காங்க.

இன்னொண்ணு சொல்லணும். 1711ல ஆல்ட்டார்ஃப்ல மரண தண்டனை குடுத்த ஒரு கைதியோட உடம்பை மாணவர்களுக்கு முன்னாடி அறுத்துக் காட்டினாரு. குடல்வால் கறுத்துப்போய் பக்கத்துச் சவ்வோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, மெதுவா பிரிச்சு எடுக்கப் பாத்தா கிழிஞ்சு ரெண்டு மூணு ஸ்பூன் சீழ் வந்துச்சு. அந்த ஆளு உயிரோட இருக்கும்போது அந்த இடத்துல வலிச்சிருக்கும்னு எழுதியிருக்காரு. இன்னிக்கு அப்பென்டிக்ஸ்னு ஆட்டோ ஓட்டுறவர் கூட சொல்றாரு, அதுக்கு அப்பென்டிசைட்டிஸ்னு பேரு வந்ததே 1886ல தான். நூத்தி எழுபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் அந்த சீழைப் பாத்து, தள்ளி விட்டுட்டு போகாம குறிச்சு வெச்சிருக்காரு. தொண்டை அடைச்சு மூச்சு போகாதவங்களுக்கு கழுத்துல ஓட்டை போடுற ஆபரேஷனுக்கு ட்ரக்கியாட்டமிங்கிற பேரைப் பரப்பினதும் இவர் தான்.

கண்ணு விஷயம் சென்னைக்காரங்களுக்கு இன்னும் கிட்ட இருக்கு. கண்புரைன்னா கண்மணிக்குப் பின்னாடி, லென்ஸுக்கு முன்னாடி ஏதோ ஒரு ஆடை மாதிரி படியுதுன்னு தான் ரொம்ப காலமா எல்லாரும் நம்பினாங்க. ஊசியை கண்ணுல குத்தி அந்த ஆடையை கீழ தள்ளி விடுவாங்க. பிரான்ஸ்ல பிரிஸோன்னு ஒரு டாக்டர் 1705ல செத்தவரோட கண்ணை அறுத்து, அது ஆடை இல்ல, கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸே மங்கிப் போறது தான்னு சொன்னப்போ பெரியவங்க ஒத்துக்கல. ஹைஸ்டரும் முதல்ல பழைய மாதிரி தான் நம்பியிருந்தாரு. தானே கண்ணை அறுத்துப் பாத்தாரு, பாத்ததும் மாத்திக்கிட்டு 1713ல அதை புக்காவே போட்டாரு. பாரிஸ்ல இருந்த உல்ஹவுஸ்னு ஒரு இங்கிலீஷ் கண் வைத்தியர் வருஷக்கணக்கா அவரை எதிர்த்து எழுதினாரு, இவர் விடல. ஒருத்தர் தான் நம்பினது தப்புன்னு கண்ணால பாத்து, அதை ஊரறிய எழுதுறது சின்ன விஷயம் இல்லைங்க.

நம்ம எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819ல ஆரம்பிச்சது. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல அங்க இருந்த எலியட்ங்கிற டாக்டர், நம்ம பக்கத்துல ஊர் ஊராப் போய் ஊசியால புரை தள்ளுறவங்ககிட்ட மாட்டி பார்வை போனவங்களோட கண்ணுங்களை சேகரிச்சு, அறுத்துப் பாத்து, 1918ல ஒரு புக்கே போட்டிருக்காரு. ஹைஸ்டர் காலத்து ஊசி இருநூறு வருஷம் கழிச்சும் இங்க குத்திக்கிட்டு இருந்திருக்கு. குத்தினவங்களும் பாவம் யாரோ சொல்லிக்குடுத்ததை செஞ்சவங்க தான், என் தாத்தா மாதிரி. அந்தக் கண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு அவங்க பாஷையில யாரும் அவங்களுக்கு எழுதல.

வைத்தியத்தை தமிழ்ல எழுத முடியாதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். ஹைஸ்டர் புக்குக்கு மூணு வருஷம் முன்னாடி, 1715ல, இன்னொரு ஜெர்மன்காரர் சீகன்பால்கு தரங்கம்பாடியில தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சிருந்தாரு. அச்சு எழுத்து, மெஷின் எல்லாம் அப்பவே இருந்துச்சு. வைத்தியம் தமிழ்ல அச்சாக நம்ம ஆளுங்க இன்னும் ரொம்ப வருஷம் காத்திருந்தாங்க. யாழ்ப்பாணம் மானிப்பாய்ல கிரீன்னு ஒரு அமெரிக்க டாக்டர் தமிழ் கத்துக்கிட்டு, தமிழ்லயே மாணவர்களுக்கு மருத்துவம் சொல்லிக்குடுத்து, 1867ல இரண வைத்தியம்னு அறுவை புக்கும் 1872ல மனுஷ அங்காதிபாதம்னு உடற்கூறு புக்கும் போட்டாரு. இரணம்னா புண்ணு, எங்க தாத்தா தினம் சொன்ன வார்த்தை. அந்த பேரைப் படிச்சதும் அவருக்கே எழுதினது மாதிரி இருந்துச்சு எனக்கு. இப்போ மறுபடியும் மருத்துவ பாடப் புத்தகங்கள் தமிழ்ல வர ஆரம்பிச்சிருக்குன்னு உங்க பேப்பர்ல தான் படிச்சேன், சந்தோஷம்.

நான் கேக்குறது அதைவிட ரொம்ப சின்னது. ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குற ஃபார்ம் தமிழ்ல இருக்கணும், அதுவும் கோர்ட்டு பத்திரம் மாதிரி செந்தமிழ்ல இல்லாம எங்கம்மாவுக்கு புரியுற மாதிரி. என்ன செய்யப் போறாங்க, எதுக்கு செய்யறாங்க, உள்ள போனா என்ன மாறலாம், வேற வழி இருக்கா, வீட்டுக்கு போனதும் எது நடந்தா ஓடி வரணும். கூடவே அந்த உறுப்போட ஒரு படம். டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் அதே மாதிரி தமிழ்ல ஒரு பக்கம். 2008ல உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்புல, போதுமான விவரம் சொல்லித்தான் நோயாளிகிட்ட சம்மதம் வாங்கணும்னு சொல்லியிருக்குன்னு அக்கா பொண்ணு கண்டுபிடிச்சு சொல்லுச்சு. புரியாத பாஷையில நாலு பக்கம் நீட்டினா அது விவரம் சொன்னதா எப்படி ஆகும்? தமிழ் ஃபார்ம் வெச்சிருக்கிற ஆஸ்பத்திரிங்களும் இருக்குன்னு கடைக்கு வர்றவங்க சொல்றாங்க, அவங்களுக்கு நன்றி. மத்தவங்களும் செய்யட்டும். டாக்டருங்களுக்கு நேரம் இல்லைன்னு எனக்கு தெரியும், ஒரு நாளைக்கு எத்தனை பேரை பாக்குறாங்கன்னு பெஞ்சுல உக்காந்து நானே எண்ணியிருக்கேன். அதனால தான் அச்சடிச்சு வெச்சுட சொல்றேன். ஒரு தடவை எழுதிட்டா போதும், பித்தப்பை எல்லாருக்கும் ஒரே இடத்துல தானே இருக்கு.

உங்க பேப்பர்லயும் வாரத்துக்கு ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு ஆபரேஷனையும் படத்தோட தமிழ்ல போடுங்க. பித்தப்பை, குடலிறக்கம், கண்புரை, கர்ப்பப்பை, இந்த நாலுல ஆரம்பிச்சாலே என் கடைக்கு வர்றவங்கள்ல பாதி பேர் வீட்டுக்கு உதவும். அந்த பக்கத்தை நான் வெட்டி கண்ணாடி பக்கத்துல ஒட்டி வெக்கிறேன், முடி வெட்டிக்கிற நேரத்துல படிப்பாங்க.

அம்மா இப்போ நல்லா இருக்காங்க. அந்த டாக்டரம்மா வரைஞ்ச கவரை பத்திரமா வெச்சிருக்கோம், அதை போட்டோ எடுத்து இந்த லெட்டரோட அனுப்பியிருக்கேன். பேனா மை கொஞ்சம் பரவியிருக்கும், ஆனா அந்த சங்கு சுத்து தெளிவா தெரியும். இடம் இருந்தா படத்தையும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு சலூன் கடைக்காரர்,
பெரம்பூர், சென்னை.